மூன்று விரல் குறை

மாவு மில் வாசலில் பெத்ரோனா ஆறாவது ஆளாக நின்றுகொண்டிருந்தபோது ஊர் மைக் கரகரத்தது. சுண்ணாம்புத் தண்ணீரில் வெந்த மக்காச்சோளம் அவள் வாளியில் இன்னும் சூடாக இருந்தது. மைக் கரகரத்தால் யாருக்காவது வடக்கேயிருந்து போன் வந்திருக்கும், இல்லாவிட்டால் எவனுடைய கழுதையாவது எவனுடைய கொல்லையிலாவது மேய்ந்திருக்கும். அதனால் பெண்கள் யாரும் பேச்சை நிறுத்தவில்லை.

“ஊர்ச் சபை அறிவிப்பு. மாநிலக் கண்காட்சிக்குன்னு வந்த பதினோரு கம்பளத்துல, சிவப்பும் நீலமுமா படிக்கட்டுக் கோலம் போட்ட கம்பளம் தேர்வாகியிருக்கு. நெய்தவர், எவாரிஸ்தோ ஐயா மகன் ருத்திலியோ. ஞாயித்துக்கிழமை சபை கூடி உறுதி பண்ணும்.”

இப்போது பேச்சு நின்றது. மில் இயந்திரம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. வரிசையில் முன்னால் நின்ற கிறிஸ்பீனா வாளியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

“ஏண்டி, சிவப்பும் நீலமும் படிக்கட்டுன்னா அது உன்னுது இல்ல?”

“என்னுதுதான்.”

“ருத்திலியோ தறி மிதியில ஏறி நின்னா மிதி ரெண்டா ஒடிஞ்சுல்ல போகும்!”

எல்லோரும் சிரித்தார்கள். பெத்ரோனா சிரிக்கவில்லை. முறை வந்ததும் மாவை அரைத்து வாங்கினாள், வீட்டுக்குப் போய் அடுப்படியில் இறக்கினாள், கையைக்கூடக் கழுவாமல் எவாரிஸ்தோ வீட்டுக்குக் கிளம்பினாள்.

அந்தக் கம்பளத்தில் அவளுடைய ஏழு மாத உழைப்பு இருந்தது. அது வெறும் கண்காட்சிச் சமாச்சாரம் இல்லை. யாருடைய கம்பளம் தேர்வாகிறதோ அவர் பெயர் சபைப் புத்தகத்தில் நெசவாளி என்று ஏறும். பெயர் ஏறினால் கோயிலை ஒட்டிக் கட்டியிருக்கும் புதுச் சந்தையில் ஒரு கடை கிடைக்கும். பெத்ரோனாவோடு சேர்ந்து நெய்கிற பெண்கள் ஏழு பேர். பாதிப் பேருடைய புருஷன்மார் வடக்கே எல்லை தாண்டிக் கலிபோர்னியாவுக்குத் தக்காளி பறிக்கப் போய்விட்டார்கள், தறியை இவர்கள்தான் ஓட்டுகிறார்கள். எட்டுப் பேர் கையால் நெய்ததும் எவாரிஸ்தோ கடைக்குப் போய், எவாரிஸ்தோ குடும்பத்தார் கைவண்ணம் என்ற சீட்டைத் தைத்துக்கொண்டு வெளியே வரும். ஒரே ஒரு பெயர் புத்தகத்தில் ஏறிவிட்டால் அந்தச் சீட்டுக்கு வேலையில்லை. அவள் கம்பளமும் அவர் கடை வழியாகத்தான் சபைக்குப் போனது; அந்தப் பெயரைத்தான் அவர் சத்தமில்லாமல் தன் மகனுக்கு எழுதிக்கொடுத்திருந்தார்.

எவாரிஸ்தோ அவள் மகளுக்கு ஞானத்தகப்பன். அவர் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு கூடை ரொட்டியும் அரைத்த சாக்லேட்டும் இல்லாமல் படியேறக் கூடாது. பெத்ரோனா இரண்டு கையையும் வீசிக்கொண்டு போனாள். முற்றத்தில் உட்கார்ந்து ஒரு கம்பளத்துக்குச் சீட்டுத் தைத்துக்கொண்டிருந்தவர் முதலில் அவள் கையைப் பார்த்தார், அப்புறம்தான் முகத்தைப் பார்த்தார்.

“வா தாயி. உக்காரு. சாக்லேட் குடிக்கிறியா?”

“குடிக்க வரலை அண்ணே. என் கம்பளத்துல உங்க மகன் பேரு எப்படி வந்துச்சுன்னு கேட்டுட்டுப் போக வந்தேன்.”

“இதுக்கா இப்படி ஓடியாந்த? பொம்பளை பேரைப் போட்டா வாசல்லயே தள்ளிடுவானுங்க. உன் நல்லதுக்குத்தான் செஞ்சேன். ருத்திலியோ பேருன்னா என்ன, உன் பேருன்னா என்ன? ஒரே குடும்பம்.”

“அப்படியா? ருத்திலியோவுக்குப் புள்ள பொறந்தப்ப, தகப்பன் பேருக்கு என் புருஷன் பேரைச் சொல்லியிருக்கலாமே. ஒரே குடும்பம்தானே.”

உள்ளே அடுப்படியில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். எவாரிஸ்தோவின் ஊசி நின்றது.

“வாய் நீளுது பெத்ரோனா. நூல் குடுக்கிறவன் நான். ஞாபகம் இருக்கட்டும்.”

“ரெண்டு மாசமா எங்க குடுத்தீங்க? என் தறி பாவு நூல் ஏறாம சும்மா நிக்குது.”

அவர் மறுபடி சீட்டைத் தைக்கத் தொடங்கினார். கம்பளத்தைத் தன் பெயரில் அனுப்பச் சொன்னவளை நூல் தராமல் காயப்போட்டால் தானே வழிக்கு வருவாள் என்பது அவர் கணக்கு. அந்தக் கஞ்சத்தனம்தான் பின்னால் அவருக்கே வினையாக வந்து முடியப்போகிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

மறுநாள் மைக் மறுபடியும் கரகரத்தது. “அன்செல்மோ வீட்டம்மா, அன்செல்மோ வீட்டம்மா, போன் வந்திருக்கு.” நான்கு வருஷமாக மைக்கில் அவளுக்கு அதுதான் பெயர். போன் கடையில் ஆறு பேர் காது கொடுத்துக்கொண்டு நிற்க, அவள் போனை எடுத்தாள். சேதி அவளுக்கு முன்னால் கலிபோர்னியாவுக்குப் போய்விட்டிருந்தது.

“சண்டை எதுக்கு? அவர் நம்ம புள்ளைக்கு ஞானத்தகப்பன். ஊர்ல அவர் முகத்துல முழிக்க வேண்டாமா?” என்றான் அவள் புருஷன் அன்செல்மோ.

“உங்க முகத்துலயே நாலு வருஷமா யாரும் முழிக்கலை. நான் தினமும் தண்ணித் தொட்டியில குனிஞ்சா என் முகம்தான் தெரியுது. அதுல முழிக்கணுமே, அதுக்கு என்ன செய்ய?”

கடைசியில் அவன், “ஜாக்கிரதை” என்றான். வேண்டாம் என்று சொல்லவில்லை. பெத்ரோனா அதை அனுமதி என்றே எடுத்துக்கொண்டாள். அனுமதி இல்லாவிட்டாலும் போயிருப்பாள், அது வேறு விஷயம்.

சனிக்கிழமை அவள் முற்றத்தில் ஏழு பேரும் கூடினார்கள். கை சும்மா இருக்கப் பிடிக்காமல் ஆளுக்கொரு பிடி கம்பளியை வைத்துச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“போய் நின்னு கத்தலாம். ஆனா எப்படி நிரூபிப்ப? கம்பளத்துக்கு முன்பக்கமும் பின்பக்கமும் ஒண்ணுதான். அதுல உன் மூஞ்சியா ஒட்டியிருக்கு?” என்று கேட்டாள் கிறிஸ்பீனா.

பெத்ரோனாவின் கை தானாகத் தன் பின்னலுக்குப் போனது.

படிக்கட்டுக் கோலம் நெய்வது லேசில்லை. நெய்ய நெய்யத் துணி உருளையில் சுருண்டு அடியில் போய்விடும். கண்ணுக்குத் தெரிவது கடைசி ஒரு முழம்தான். பின்பாதி முன்பாதியின் கண்ணாடிப் பிம்பமாக வர வேண்டும், ஆனால் முன்பாதியைப் பார்க்க முடியாது. ஆண்களிடம் அதற்கென்று கோடு கீறிய அளவுகோல் உண்டு. அன்செல்மோவுடைய அளவுகோலை அவன் அண்ணன் வந்து, “எங்கப்பன் குச்சி, பொம்பளை கையில எதுக்கு?” என்று எடுத்துக்கொண்டு போய்விட்டான். தறியையும் தூக்கியிருப்பான், வாசலில் நுழையவில்லை. பெத்ரோனா அன்று அழுதாள். பிறகு தன் பின்னலில் சேர்த்துப் பின்னுகிற சடைக்கயிற்றை உருவி அதையே அளவுகோலாக்கிக்கொண்டாள். பருத்தியை இரட்டை முறுக்கேற்றி அவளே திரித்த கயிறு அது. முன்பாதி நெய்யும்போது படி ஒன்றுக்கு ஒரு முடிச்சு. பின்பாதி நெய்யும்போது அதே முடிச்சுகளைக் கடைசியிலிருந்து படித்துக்கொண்டு வருவாள். தறியை விட்டு இறங்கினால் கயிறு திரும்பவும் சடைக்குள் போய்விடும். அடுத்த பாவு ஏற்றும்போதுதான் பழைய முடிச்சுகளை அவிழ்ப்பாள்.

இரண்டு மாதமாக எவாரிஸ்தோ நூல் கொடுக்கவில்லை. பாவு ஏறவில்லை. முடிச்சுகள் அத்தனையும் தலையில்தான் இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சபைக் கூடத்தில் ஆண்கள் கூடினார்கள். தலைவர் மசெதோனியோ நடுவில், பக்கத்தில் எழுத்தர், எதிரே பெஞ்சுகளில் நூற்றுச் சொச்சம் தொப்பிகள். மேசைமேல் விரித்திருந்தது கம்பளம். பெண்கள் வாசல்படி வரைக்கும் வரலாம், உள்ளே வருவதில்லை. சட்டம் ஒன்றும் இல்லை, வழக்கம். ஏழு பெண்களும் வாசற்படியில் நின்றார்கள். பெத்ரோனா நிற்காமல் உள்ளே நடந்தாள்.

“யாரும்மா அது? ஏதாவது மனு இருந்தா புருஷன்கிட்ட சொல்லி விடு” என்றார் மசெதோனியோ.

“புருஷன் ஊர்ல இல்லை ஐயா. அவரு பேருக்கு வந்த ஊர் வேலைக்கெல்லாம் போன வருஷம் யாரு வந்தா? கோயில் கிணறு தூர் வாரினது யாரு? அப்ப யாரும் ‘யாரும்மா அது’ன்னு கேக்கலையே.”

பின் பெஞ்சில் யாரோ, “அது வாஸ்தவம்” என்றார்கள். எவாரிஸ்தோ எழுந்து தொப்பியைக் கழற்றினார்.

“ஐயா, இந்தப் பொண்ணு நம்ம வீட்ல கூலிக்குக் கம்பளி சிக்கெடுக்குது, நூல் நூக்குது. உதவி செஞ்சிருக்கு, இல்லைங்கலை. நெசவுங்கிறது வேற.”

“ருத்திலியோ, எந்திரி. ஒரு பாதியில எத்தனை படி?” என்று கேட்டாள் பெத்ரோனா.

ருத்திலியோ நல்ல பையன்தான். அப்பன் சொன்ன இடத்தில் நின்றுதான் அவனுக்குப் பழக்கம். எழுந்து, மேசையைப் பார்த்து எண்ணத் தொடங்கினான்.

“பாத்து எண்ணாதடா. நெய்ஞ்சவனுக்கு எண்ணணுமா?”

அவன் உட்கார்ந்துவிட்டான்.

“சபைக்கு வந்தா எவனுக்கும் மறக்கும்! இவளுக்கு மட்டும் சாட்சி என்ன இருக்கு?” என்று கத்தினார் எவாரிஸ்தோ.

பெத்ரோனா கையைத் தூக்கித் தன் பின்னலை அவிழ்த்தாள். கூடத்தில் சத்தம் சட்டென்று அடங்கியது. தலை குளிக்கும்போதும் இழவு வீட்டிலும் தவிர, அந்த ஊரில் எந்தப் பெண்ணும் நாலு பேர் முன்னால் முடியை அவிழ்ப்பதில்லை. இரண்டு பெரியவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். முடி இடுப்பு வரை விழுந்தது. அவள் கயிற்றை உருவி எல்லோரும் பார்க்கத் தூக்கிக் காட்டினாள்.

“இருபத்தியொரு முடிச்சு. இருபத்தியொரு படி. வந்து பாருங்க.”

கயிற்றைக் கம்பளத்தில் முதலில் நெய்த சிவப்புப் பாதிமேல் விளிம்பிலிருந்து நடு வரைக்கும் நீட்டி வைத்தாள். கள்ளிச்செடியில் வளரும் பூச்சியை அம்மியில் இழைத்துச் சாயம் போட்ட சிவப்பு அது. முதல் முடிச்சு முதல் படியில். இரண்டாவது இரண்டாவதில். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து மேசையைச் சூழ்ந்துகொண்டார்கள். இருபத்தியோராவது முடிச்சு சரியாக நடுக்கோட்டில் போய் உட்கார்ந்தது.

“பொருந்துதுய்யா!”

“மிச்சப் பாதியையும் வை” என்றார் எவாரிஸ்தோ.

அவள் கயிற்றைத் திருப்பி நீலப் பாதியில் வைத்தாள். முதல் நான்கைந்து முடிச்சு பொருந்தினதுபோல் இருந்தது. பத்தாவதில் கயிறு படியைத் தாண்டியது. கடைசி முடிச்சு கம்பளத்தைத் தாண்டி வெளியே மூன்று விரல் தொங்கியது.

பெத்ரோனா திரும்பவும் வைத்தாள். திரும்பவும் மூன்று விரல்.

சிரிப்பு கிளம்பியது. “பாதிக் கம்பளம் இவ நெய்ஞ்சா போல!” என்றான் ஒருவன். “மிச்சப் பாதி மாமியார் நெய்ஞ்சிருப்பா!” என்றான் இன்னொருவன். எவாரிஸ்தோ தொப்பியை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார். தலைவர் எழுத்தரைப் பார்த்துக் கையசைத்தார், எழுத்தர் பேனாவை எடுத்தார்.

“இருங்க!” என்றாள் பெத்ரோனா. குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

அவள் நீலத்தைப் பார்த்தாள். ஏன் பொருந்தவில்லை? இதே கயிறு, இதே கை. குனிந்து மோந்து பார்த்தாள். மாதக்கணக்கான பிறகும் அதன் அடியில் நீலச் சாயம் ஊறுகிற அவுரித்தொட்டியின் நாற்றம் லேசாக இருந்தது. அவுரி புளிக்கிற நாட்களில் பக்கத்து வீட்டு நாய்கூட அந்தப் பக்கம் வராது. அப்போது நாற்றம் போக அவள் தினமும் விடிகாலையில் தலை குளித்து, ஈர முடியோடு, ஈரக் கயிற்றோடு…

அவள் சுற்றும் முற்றும் பார்த்தாள். சுவரில் மாதா படத்துக்குக் கீழே பலகையில் பூச்சாடி ஒன்று இருந்தது. பூவை எடுத்துப் பலகைமேல் வைத்துவிட்டு, கயிற்றைச் சாடித் தண்ணீருக்குள் அமுக்கினாள்.

“இவளுக்குப் பித்தம் தலைக்கேறிடுச்சு” என்றார் எவாரிஸ்தோ.

“சும்மா இரு எவாரிஸ்தோ” என்று ஒரு குரல் வந்தது. முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஃபுல்ஹென்சியோ. எழுபது வயதுக்கு மேல் ஆகியும் தறியை விடாத மனிதர், யாருக்கும் பயப்படாதவர், அதனாலேயே யாரும் விருந்துக்குக் கூப்பிடாதவர். “அவ என்ன செய்யறான்னு எனக்குத் தெரியுது. முறுக்குக் கயிறு நனைஞ்சா சுருங்கும். கழுதை கட்டினவனுக்குத் தெரியும், கிணத்துல தண்ணி எறைச்சவனுக்குத் தெரியும். கடையில உக்காந்திருக்கிறவனுக்குத் தெரியாது.”

நனைந்த கயிற்றை அவள் பிழிந்து எடுத்தாள். நீலப் பாதியில் வைத்தாள். ஐந்து, பத்து, பதினைந்து. தொப்பிகள் எல்லாம் குனிந்தன. இருபத்தியொன்று. கடைசி முடிச்சு ஓரத்து இழையில் வந்து நின்றது.

வாசற்படியில் கிறிஸ்பீனா விசிலடித்தாள்.

“சிவப்பு நெய்ஞ்சப்ப கயிறு காஞ்சிருந்துச்சு. நீலம் நெய்ஞ்சப்ப தினமும் தலை குளிச்சேன், கயிறு ஈரமா இருந்துச்சு. ருத்திலியோ, நீ என்னிக்குடா சடை போட்ட?” என்று கேட்டாள் பெத்ரோனா.

ருத்திலியோ சிவந்துபோய், “அப்பா, வாங்க போலாம்” என்றான். அன்று அவன் சொன்ன ஒரே புத்திசாலித்தனமான வார்த்தை அதுதான். ஆனால் எவாரிஸ்தோ அவ்வளவு லேசில் எழுந்து போகிற ஆள் இல்லை. அவர் முகத்தில் புதிதாக ஒரு வெளிச்சம் வந்தது.

“ஐயா, எல்லாரும் பாத்தீங்கல்ல? ஒரு பாதி நீளம், ஒரு பாதி குட்டை. மூணு விரல் குறை! இதையா நம்ம ஊர் பேர் சொல்லி வெளியில அனுப்பறது? வேற கம்பளத்தை எடுங்க.”

கூடம் முணுமுணுத்தது. அது உண்மைதான். இதுவரை நிறத்தில் மயங்கி யார் கண்ணுக்கும் படாதது இப்போது எல்லோருக்கும் தெரிந்தது. தன் பெயரை மீட்கத் தன் குறையைத் தானே எடுத்து மேசைமேல் வைத்துவிட்டாள் பெத்ரோனா.

“போன வாரம் பள்ளத்தாக்குலயே இதுமாதிரி கம்பளம் இல்லைன்னு நீதானே சொன்ன? உன் மகன் பேர்ல இருந்தப்ப நேரா இருந்துச்சு, இவ பேருக்கு வந்ததும் கோணிக்கிச்சா?” என்று கேட்டார் ஃபுல்ஹென்சியோ. இந்தத் தடவை சிரிப்பு வேறு பக்கம் பாய்ந்தது.

பெத்ரோனா சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தாள்.

“குறை இருக்கு. இல்லைன்னு சொல்லலை. அந்தக் குறையும் என்னுதுதான். வேற எவன் கையும் அதுல படலை. இந்தப் பதினோரு கம்பளத்துல இதைவிட நல்லது இருந்தா அதை அனுப்புங்க, நான் வாயைத் திறக்க மாட்டேன். இல்லைன்னா இதை அனுப்புங்க. ஆனா குறையையும் சேத்து என் பேர்ல எழுதுங்க.”

மசெதோனியோ மற்ற பத்துக் கம்பளங்களையும் பார்த்தார். பிறகு இதைப் பார்த்தார். அவரும் நெசவாளி, கண் பொய் சொல்லவில்லை. எழுத்தரிடம் திரும்பி, “எழுதுப்பா. அன்செல்மோ மனைவி” என்றார்.

“அன்செல்மோ மனைவி நெய்யலை ஐயா. நான் நெய்ஞ்சேன்.”

“ரெண்டும் நீதானேம்மா!”

“அப்ப உங்களைப் புத்தகத்துல உங்க வீட்டம்மா புருஷன்னு எழுதலாமா?”

மசெதோனியோவுக்குக் கோபம் வந்தது. “முதல்ல முடியைக் கட்டு. இது சபை” என்று உறுமினார்.

“பேரை எழுதுங்க, கட்டறேன்.”

பதில் வாசலிலிருந்து வந்தது. கிறிஸ்பீனா தன் பின்னலை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் நின்ற அவள் தங்கையும். அப்புறம் மற்ற ஐந்து பேரும். ஏழு பெண்கள் வாசலை அடைத்துக்கொண்டு, தலைவிரி கோலமாக, அவசரமில்லாமல் நின்றார்கள். வெளியே போக வேறு வழி கிடையாது. சாப்பாட்டு நேரம் வேறு நெருங்கிவிட்டது. கூடத்தில் இருந்த ஆண்களில் பாதிப் பேருக்குச் சோறு போடுகிறவர்கள் அந்த ஏழு பேரும் அவர்களுடைய சொந்தக்காரிகளும்தான்.

எழுத்தர் தலைவரைக் கேட்காமலே எழுதினார். எழுதி முடித்துப் பேனாவை மூடியபோது பெத்ரோனா, “வாசிங்க” என்றாள்.

“பெத்ரோனா லாசோ அலாவெஸ். நெசவாளி.”

“இங்க இல்ல. மைக்ல வாசிங்க. ருத்திலியோ பேரை மைக்லதானே வாசிச்சீங்க?”

எழுத்தர் இந்தத் தடவை தலைவரைப் பார்த்தார். தலைவர் ஜன்னலைப் பார்த்தார். எழுத்தர் மூலையில் இருந்த மைக்கின் பொத்தானைத் தட்டினார். கூரைமேல் கரகரப்பு கேட்டது.

“ஊர்ச் சபை அறிவிப்பு. சிவப்பும் நீலமுமா படிக்கட்டுக் கோலக் கம்பளம், நெய்தவர் பெத்ரோனா லாசோ அலாவெஸ்.”

“சரியாக் கேக்கலை!” என்று கத்தினாள் கிறிஸ்பீனா. அடுத்த ஊருக்கே கேட்டிருந்தது.

எழுத்தர் இன்னொரு தடவை, இன்னும் சத்தமாக வாசித்தார். மில் வாசலில், ஆற்றங்கரையில், எவாரிஸ்தோவின் முற்றத்தில், நான்கு வருஷமாக அன்செல்மோ வீட்டம்மா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்த காதுகளில் எல்லாம் அந்தப் பெயர் விழுந்தது. பெத்ரோனா கடைசி எழுத்து வரை கேட்டுவிட்டு, ஈரம் சொட்டுகிற கயிற்றைச் சேர்த்துத் தன் முடியைப் பின்ன ஆரம்பித்தாள்.